நாடி எண்ணும் ஓட்டத்தின் ஆபத்தும்

1. கேள்வி

காலையில் கண் விழித்ததும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள். இரவெல்லாம் கைக்கடிகாரம் எண்ணி வைத்திருக்கும் ஓய்வுநிலை இதயத்துடிப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 72 ஆக இருந்தது மூன்று மாத நடைப்பயிற்சியில் 64க்கு இறங்கினால் மகிழ்ச்சி, 58க்கு இறங்கினால் பெருமிதம். பூங்காக்களில் நடக்கும் குழுக்களுக்குள் அந்த எண் தேர்வு மதிப்பெண்போலவே பேசப்படுகிறது.

இவர்களுடைய கைபேசிக்கே இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சில் அசௌகரியம் தோன்றி, 46 வயதில் இறந்தார். நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவஸ்தவா 2022 ஆகஸ்டில் டெல்லியில் ஜிம் ஒன்றின் டிரெட்மில்லில் சரிந்து விழுந்து, ஆறு வாரங்கள் சிகிச்சையில் இருந்து காலமானார். இப்படி ஒவ்வொரு மரணத்தின்போதும், ‘இதற்குத்தான் அளவோடு செய்யச் சொன்னோம்’ என்ற குரல் எழுந்து அடங்குகிறது.

துடிப்பு குறைவது நல்ல இதயத்தின் அடையாளம் என்கிறது ஒரு நம்பிக்கை. அந்தத் துடிப்பைக் குறைக்கும் உடற்பயிற்சியே ஆளைக் கொன்றுவிடலாம் என்கிறது ஓர் அச்சம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஓய்வுத் துடிப்பு குறைந்தவருக்கு உடற்பயிற்சியின் ஆபத்தும் குறைவு என்று கொள்ள ஆதாரம் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் இங்கே இரண்டு தனித்தனி விசாரணைகள் நடந்திருப்பது தெரிகிறது. ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து.

2. எண் எங்கிருந்து வருகிறது

இதயத்தின் வலது மேலறைச் சுவரில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுவே துடிப்பின் தாளத்தை நிர்ணயிக்கிறது. நரம்புகளின் தலையீடு இல்லாமல் விட்டால் இளவயதில் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். இதயமாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் இதை நேரடியாகக் காணலாம். கொடையாகப் பெற்ற இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருப்பதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவர்களின் துடிப்பு 90, 100 என்றே நிற்கும். மற்றவர்களிடம் வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளம் பிடிப்பதால்தான் அது அறுபது எழுபதுக்கு இறங்குகிறது.

ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் போதும். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளும் இதயம் அதற்கு 70 தடவைக்கு மேல் துடிக்க வேண்டும். பயிற்சியால் அறை விரிந்து 100 மில்லிலிட்டர் தள்ளும் இதயத்துக்கு 50 போதும். பாடநூல்கள் தரும் கணக்கு இதுதான். ஆனால் துடிப்பை உண்மையில் இறக்குவது எது என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. வேகஸ் நரம்பின் பிடி இறுகுவதே காரணம் என்பது பழைய விளக்கம். மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2014இல் சுண்டெலிகளில் செய்த சோதனையில் வேறொன்று தெரிந்தது. பயிற்சி பெற்ற சுண்டெலிகளில் நரம்பின் தாக்கத்தைத் தடுத்த பிறகும் துடிப்பு குறைவாகவே இருந்தது. சைனஸ் கணுவின் அயனிப் பாதைகளே குறைந்திருந்தன. பயிற்சி கணுவையே மாற்றியமைக்கிறது என்றால், அந்த மாற்றம் எப்போதும் நன்மையாகவே முடியுமா என்ற கேள்வி வரும். ஆறாம் பகுதியில் அதற்குத் திரும்புவோம்.

பயிற்சியே இல்லாமலும் இந்த எண் குறையும் என்பதை நடைமுறையில் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குக் குறையும். தைராய்டு சுரப்பு போதாதவருக்குக் குறையும். சைனஸ் கணு நோயுற்றவருக்கும் குறையும். காய்ச்சல், தைராய்டு மிகைச் சுரப்பு, பதற்றம், தூக்கக் கேடு, ரத்தசோகை ஆகியவற்றில் ஏறும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. ஒரு பெண்ணின் ஓய்வுத் துடிப்பு 88 என்று கடிகாரம் காட்டினால், அவர் நடக்கவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன் ஹீமோகுளோபினைப் பார்ப்பதுதான் முறை. ‘சோம்பேறி இதயம்’ என்ற பட்டத்தைச் செயலிகள் மிக எளிதாக வழங்கிவிடுகின்றன.

60 முதல் 100 வரை இயல்பு என்ற எல்லையும் ஒரு வழக்கம்தான். கையில் கட்டும் கருவிகளின் வழியே 92,457 பேரின் தரவுகளைத் திரட்டி 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி ஓய்வுத் துடிப்பு ஆளுக்கு ஆள் 40இலிருந்து 109 வரை வேறுபட்டது. ஆனால் ஒருவரின் எண் பெரும்பாலும் அவருக்கே உரிய குறுகிய வரம்பைத் தாண்டவில்லை. ஆகவே பக்கத்தில் நடப்பவரின் எண்ணோடு நம்முடையதை ஒப்பிடுவதில் பொருளில்லை. தன் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டால் ஏதாவது தெரியவரலாம்.

3. எண்ணும் ஆயுளும்

ஓய்வுத் துடிப்பு கூடினால் இறப்பு ஆபத்தும் கூடுகிறது என்பதற்குச் சான்று நிறைய உண்டு. பாரிஸில் 42 முதல் 53 வயது வரையிலான, நோய் அறிகுறி இல்லாத 5,713 பணியாளர்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஓய்வுத் துடிப்பு 75ஐத் தாண்டியவர்களுக்கு மாரடைப்பால் திடீரென இறக்கும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. நார்வேயில் 29,325 பேரிடம் சுமார் பத்தாண்டு இடைவெளியில் இருமுறை துடிப்பை அளந்தார்கள். முதல் அளவில் 70க்குக் கீழிருந்து இரண்டாம் அளவில் 85க்கு மேல் ஏறியவர்களுக்கு, ஏறாதவர்களைவிட இதயநோயால் இறக்கும் ஆபத்து 90 சதவீதம் அதிகம். 46 ஆய்வுகளையும் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, ஒவ்வொரு 10 துடிப்பு உயர்வுக்கும் இறப்பு ஆபத்து 9 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது.

இதற்கு எழும் முதல் எதிர்வாதம் எளியது. உடல் உறுதி குறைந்தவர்களின் துடிப்பு உயர்ந்திருக்கும். அவர்கள் முன்னதாக இறப்பதற்கு அந்த உறுதிக்குறைவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் எண் வெறும் நிழல். கோபன்ஹேகன் ஆண்கள் ஆய்வு இதைச் சோதித்தது. அதில் இருந்தவர்களின் உடல் உறுதியைச் சைக்கிள் மிதிக்க வைத்து முன்பே அளந்திருந்தார்கள். 2,798 ஆண்களை 16 ஆண்டுகள் கவனித்து 2013இல் எழுதியவர்கள், உறுதியைக் கணக்கில் கழித்த பிறகும் 10 துடிப்புக்கு 16 சதவீதம் ஆபத்து மிஞ்சுகிறது என்றார்கள். நிழல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை.

அப்படியென்றால் எண்ணே காரணமா? இதற்கு விடை காண இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது மரபணு. பிறவியிலேயே துடிப்பு சற்று உயர்ந்திருக்கும்படியான மரபணுக் கூறுகளைக் கொண்டவர்கள் முன்னதாக இறக்கிறார்களா என்று பார்த்தார்கள். 2016இல் ‘ஆம்’ என்று ஓர் ஆய்வு சொன்னது. 2023இல் அதே குழுவினர் உட்பட்ட பெருங்கூட்டணி, 8,35,465 பேர் வரையிலான தரவுகளைக் கொண்டு திரும்பிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. முந்தைய முடிவு முறையியல் பிழையால் வந்த பொய்த்தோற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அவர்களே எழுதினார்கள். தங்கள் முடிவைத் தாங்களே மறுத்துரைக்கும் இத்தகைய கட்டுரைகள் செய்தித்தாளில் இடம்பெறுவது அரிது. அதில் இன்னொரு முடிவும் இருந்தது. துடிப்பு இயல்பிலேயே உயர்ந்திருக்கும் மரபுக் கூறுகள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் மேலறைச் சீரற்ற துடிப்பின் ஆபத்தைக் குறைத்தன. குறைந்த எண் எல்லா நோய்க்கும் நல்லதென்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது வழி மருந்து. இவாபிரடின் என்ற மாத்திரை சைனஸ் கணுவின் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. ரத்த அழுத்தத்தையோ இதயத் தசையின் விசையையோ தொடுவதில்லை. எண்ணுக்கு ஆற்றல் உண்டா என்று சோதிக்க இதைவிடத் தூய்மையான கருவி கிடைக்காது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் 2010இல் அது பலன் தந்தது. ஆனால் இதயத் தமனி நோய் இருந்தும் செயலிழப்பு இல்லாத 19,102 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், மருந்து எடுத்தவர்களின் துடிப்பு மற்றவர்களுடையதைவிடச் சுமார் 10 குறைந்து 60 அளவுக்கு இறங்கியும் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. நெஞ்சுவலியால் அன்றாட வேலை தடைபட்டவர்களிடம் தீய விளைவுகள் சற்றுக் கூடவே செய்தன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் கூடியது.

நடந்து 60க்கு இறங்குவதும் மாத்திரை போட்டு 60க்கு இறங்குவதும் ஒன்றாகவில்லை. உடலின் நிலையை அறிவிக்கும் சாட்சியாக ஓய்வுத் துடிப்பை ஏற்கலாம். சாட்சியைத் திருத்திவிட்டால் வழக்கு மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

4. உழைப்பின் மீதான பழைய அச்சம்

உடற்பயிற்சி இதயத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் ஜிம்கள் வருவதற்கு வெகுமுன்பே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப்போட்டி இளைஞர்களைச் சீரழிக்கிறது என்று ஃபிரெடரிக் ஸ்கை என்ற அறுவை மருத்துவர் 1867இல் ‘தி டைம்ஸ்’ நாளேட்டுக்கு எழுதினார். தாமும் துடுப்பு வலித்தவரான ஜான் மார்கன் என்ற மருத்துவர், 1829 முதல் 1869 வரை அப்போட்டியில் கலந்துகொண்ட 294 பேரின் நிலையைத் தேடித் தேடி விசாரித்து 1873இல் நூலாக்கினார். ஆயுள் காப்பீட்டு அட்டவணையோடு ஒப்பிட, துடுப்பு வலித்தவர்கள் சுமார் இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வசதி படைத்தவர்களைப் பொது மக்களோடு ஒப்பிட்டது அதன் பலவீனம். ஆனாலும் அச்சத்துக்கு எண்ணிக்கையால் பதில் சொல்லும் மரபு அங்கே தொடங்குகிறது.

1899இல் ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்தே அவர்களின் இதயம் பெருத்திருப்பதைக் கண்டறிந்தார். அது நோயா, தகவமைப்பா என்ற விவாதம் அரை நூற்றாண்டு நீடித்தது. பாஸ்டன் மாரத்தானை ஏழு முறை வென்ற கிளாரன்ஸ் டிமார் கதை இதில் சுவையானது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, ஓடுவதை விட்டுவிடு என்று 1911இல் மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். அந்த ஆண்டுதான் முதல்முறை வென்றார். அறுபது வயதைக் கடந்தும் ஓடினார். 1958இல் புற்றுநோயால் இறந்தபின் செய்த உடற்கூறாய்வில் அவருடைய இதயத் தமனிகள் இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் திருப்புமுனை லண்டன் பேருந்துகளில் நேர்ந்தது. ஜெரி மோரிஸும் அவர் சகாக்களும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஒரு பணிநாளில் ஐந்நூறுக்கு மேல் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாகவும், வந்தாலும் உயிர் பறிக்கும் அளவு குறைவாகவும் இருந்தது. இந்த முடிவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மூன்றாண்டு கழித்து அதே குழு எழுதிய அடுத்த கட்டுரையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நிறுவனம் வழங்கிய சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயது டிரைவர்களின் கால்சட்டையே கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. அதாவது, வேலை அவர்களைப் பருமனாக்கும் முன்பே பருமனானவர்கள் ஓட்டுநர் இருக்கையைத் தேடி வந்திருந்தார்கள். உடற்பயிற்சி பற்றிய எல்லாக் கணக்கெடுப்புகளையும் இன்றுவரை துரத்தும் சிக்கல் இது: நலமாக இருப்பதால் ஓடுகிறார்களா, ஓடுவதால் நலமாக இருக்கிறார்களா? தன் ஆய்வின் ஓட்டையைத் தானே தேடிப் போன மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

அச்சம் அகன்ற இடத்தில் அசட்டுத் துணிச்சல் வந்து அமர்ந்தது. மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவருக்கு இதயத் தமனி அடைப்பு வரவே வராது என்று டாம் பாஸ்லர் என்ற கலிபோர்னிய நோய்க்கூறு மருத்துவர் 1970களில் சொல்லிவந்தார். அது பொய் என்று தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸும் அவர் கூட்டாளிகளும் 1979இல் மாரத்தான் வீரர்களின் உடற்கூறாய்வுகளைக் கொண்டு நிறுவினர். பொதுமக்கள் அதை உணர 1984 ஜூலை 20 வரை ஆனது. அமெரிக்காவில் ஓட்டத்தை மக்கள் இயக்கமாக்கிய நூலை எழுதிய ஜிம் ஃபிக்ஸ், வெர்மான்ட் மாநிலச் சாலையொன்றில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 52. தமனிகள் பலத்த அடைப்பில் இருந்தன. முப்பத்தைந்து வயதில் ஓடத் தொடங்கும் முன் அவர் நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவர், எடையும் அதிகம். அவருடைய தந்தைக்கு முதல் மாரடைப்பு 35 வயதில், மரணம் 43இல். ஓட்டம் ஃபிக்ஸைக் கொன்றது என்றும் சொல்லலாம், தந்தையைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழ வைத்தது என்றும் சொல்லலாம். ஒரு மனிதரின் கதையிலிருந்து இவற்றில் எதையும் நிறுவ முடியாது.

5. ஓடும் அந்த ஒரு மணி நேரம்

ஃபிக்ஸ் இறந்த அதே 1984இல், சியாட்டில் பகுதியில் இதயம் நின்றுபோன 133 ஆண்களைப் பற்றிய டேவிட் சிஸ்கோவிக் குழுவின் ஆய்வு வெளியானது. இந்த விவாதத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுவே. கடும் பயிற்சியின்போது இதயம் நிற்கும் ஆபத்து, மற்ற நேரங்களோடு ஒப்பிட எல்லோருக்கும் கூடியது. வழக்கமாக உடலசைவு குறைந்தவர்களுக்கு 56 மடங்கு; நிறையப் பயிற்சி செய்பவர்களுக்கு 5 மடங்கு. ஆனால் நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பயிற்சி செய்பவர்களின் மொத்த ஆபத்து செய்யாதவர்களுடையதில் 40 சதவீதம் மட்டுமே.

ஆக, ஓடும் நேரம் ஆபத்தானது. ஓடும் பழக்கம் காப்பது. இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ள முடியாதபோதுதான் செய்தி விவாதங்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. ஜிம்மில் விழுந்தவர் செய்தியாகிறார். சோபாவில் இறந்தவர் செய்தியாவதில்லை.

1993இல் மரே மிட்டில்மேனின் குழு 1,228 மாரடைப்பு நோயாளிகளிடம் விசாரித்தபோது இதே கோலம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. வாரம் ஒரு தடவைகூட உடலை வருத்தாதவர் திடீரெனக் கடும் உழைப்பில் இறங்கினால், அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு 107 மடங்கு. வாரம் ஐந்து முறையோ மேலோ பயிற்சி செய்பவருக்கு 2.4 மடங்கு. இத்தகைய மடங்குகளைக் கேட்டு மிரளாதிருக்க வேறொரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 21,481 ஆண் மருத்துவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வில், கடும் பயிற்சியின்போதும் அதற்கடுத்த அரை மணி நேரத்திலும் திடீர் மரண ஆபத்து 16.9 மடங்காக இருந்தது. ஆயினும் சுமார் 15 லட்சம் பயிற்சி வேளைகளுக்கு ஒரு மரணம்தான். மிகச் சிறிய ஒன்றைப் பதினேழால் பெருக்கினாலும் சிறியதாகவே இருக்கும்.

இங்கே ஓய்வுத் துடிப்பு எங்கே நிற்கிறது? நடுவயதினரைப் பயிற்சியின்போது கொல்வது பெரும்பாலும் தமனிச் சுவரின் கொழுப்புப் படிவு. அழுத்தமும் அட்ரினலினும் எகிறும்போது அது வெடித்து ரத்தம் உறைகிறது. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே, பிறவியிலேயே தடித்த இதயத் தசை, இடம் மாறித் தோன்றும் தமனி, மின்கடத்தலின் மரபுக் கோளாறு ஆகியவை முன்னணியில் வருகின்றன. இவை எதையும் காலை நேர 58 காட்டிக்கொடுக்காது. ஐந்தாண்டு ஓடிப் பெற்ற 58, தமனியில் இருபது ஆண்டுப் புகையும் சர்க்கரையும் சேர்த்துவைத்த படிவை அழித்துவிட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. நாம்தான் அப்படிக் கேட்டுக்கொள்கிறோம். டிரெட்மில் சோதனையும் இதில் முழுக் காவல் அல்ல. ரத்த ஓட்டத்தைத் தடுக்குமளவு வளர்ந்த அடைப்பையே அது காட்டும். சிறிய படிவும் வெடிக்கும்.

பாரிஸ் ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. எண்ணில் ஆர்வமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அதையே. சைக்கிள் சோதனையில் துடிப்பு ஓய்வுநிலையிலிருந்து 89க்குக் குறைவாகவே ஏறியவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து ஆறு மடங்கு. நிறுத்திய முதல் நிமிடத்தில் 25க்குக் குறைவாகவே இறங்கியவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு என்பதைவிட, தேவை வரும்போது எவ்வளவு ஏறுகிறது, முடிந்ததும் எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பது இதயத்தின் நரம்புக் கட்டுப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்கிறது. இந்த அடிப்படையில் பார்த்தால், பயிற்சி இல்லாமலே 52 காட்டும் ஐம்பது வயதுக்காரர், மாடிப்படி ஏறியும் துடிப்பு உயராமல் மூச்சு வாங்கினால், அவருக்குத் தேவை பாராட்டு அல்ல, ஈசிஜி.

6. மிகையும் மிகைப்படுத்தலும்

ஆயுளுக்கு இவ்வளவு துடிப்பு என்று விதிக்கப்பட்டிருக்கிறது, ஓடி வீணடிக்காதே என்ற வாதம் அவ்வப்போது தலைகாட்டும். பாலூட்டிகள் பலவற்றின் ஆயுட்காலத் துடிப்பு நூறு கோடியை ஒட்டி அமைவது உண்மைதான். மனிதர் அந்தக் கணக்கை வெகுவாக மீறியவர். விதி என்றே கொண்டாலும் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளைக்கு 1,00,800. தினம் ஒரு மணி நேரம் 150இல் ஓடி மீதி நேரம் 55இல் இருப்பவருக்கு 84,900. ஓடுபவர்தான் சிக்கனக்காரர்.

வலுவான எதிர்வாதம் வேறிடத்திலிருந்து வருகிறது. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசாலோப்பெட்டை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரை ஆராய்ந்தார்கள். அதிக முறை பங்கேற்றவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் சீரற்ற துடிப்பு, குறிப்பாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுமார் 30 சதவீதம் கூடுதல். சுவிட்சர்லாந்தின் முன்னாள் தொழில்முறைச் சைக்கிள் வீரர்கள் 62 பேரையும் கோல்ஃப் ஆடுபவர்கள் 62 பேரையும் முதிய வயதில் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில், சைக்கிள் வீரர்களில் 16 சதவீதம் பேருக்குச் சைனஸ் கணு நோய்; கோல்ஃப்காரர்களில் 2 சதவீதம். இளமையில் பெருமையாகக் காட்டிய அந்தத் தாழ்ந்த துடிப்பு சிலருக்கு முதுமையில் பேஸ்மேக்கரில் முடிந்தது. சுண்டெலிச் சோதனை காட்டிய கணு மாற்றத்தை இதனோடு சேர்த்துப் படிப்பது நியாயமே. ஆனால் 62 பேர் என்பது சிறு தொகை. வாசாலோப்பெட் பங்கேற்பாளர்களின் மொத்த இறப்பு வீதமோ பொது ஸ்வீடன் மக்களுடையதில் பாதி என்று முன்னரே வேறோர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. சீரற்ற துடிப்பு கூடுகிறது, ஆயுள் குறையவில்லை என்பதே இப்போதைக்குக் கிடைக்கும் சித்திரம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிப் பழகிய நமக்கு, 2015இல் வந்த கோபன்ஹேகன் மெல்லோட்ட ஆய்வு மிக இனித்தது. மெதுவாகக் கொஞ்சம் ஓடுபவர் நீண்டநாள் வாழ்கிறார், கடுமையாக ஓடுபவருக்கு உட்கார்ந்திருப்பவரைவிட ஆதாயம் இல்லை என்று உலகெங்கும் தலைப்பிட்டார்கள். அந்தக் ‘கடும் ஓட்டக்காரர்’ பிரிவில் இருந்தவர்கள் 40 பேர்; இறந்தவர்கள் 2 பேர். இருவர் மரணத்தை வைத்து ஒரு பழமொழியை மெய்ப்பிக்க முடியாது. இதற்கு எதிரே, டல்லஸ் கூப்பர் கிளினிக்கின் 21,758 ஆண்களின் ஆய்வை வைக்கலாம். மிக அதிகமாகப் பயிற்சி செய்தவர்களின் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு சற்று அதிகம் காணப்பட்டது. அதனால் அவர்கள் கூடுதலாக இறக்கவில்லை.

7. நம் நிலத்தின் கணக்கு

மேற்கண்ட ஆய்வுகளில் இருப்பவர்கள் பாரிஸ்காரர்கள், டேனியர்கள், அமெரிக்க மருத்துவர்கள். தெற்காசியருக்கு அவற்றை அப்படியே ஒட்டவைக்க முடியாது. பன்னாட்டு மாரடைப்பு ஆய்வொன்றிலிருந்து இந்தியா, இலங்கை உட்பட ஐந்து நாடுகளின் தரவுகளை 2007இல் தனியே பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பின் நடு வயது இங்கே 53, பிற நாடுகளில் 58.8 என்று தெரிந்தது. ஓய்வு நேரத்தில் முறையாக உடற்பயிற்சி செய்பவர்கள், மாரடைப்பு வராத ஒப்பீட்டுக் குழுவிலேயே, இங்கே 6.1 சதவீதம், பிற இடங்களில் 21.6. நோய் ஆறு ஆண்டு முந்தி வருகிறது, பழக்கம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிஸ்கோவிக்கின் ‘56 மடங்கு’ வரிசையில் நிற்பதற்கு ஏற்ற நிலைமை இதுதான். நாற்பத்தைந்து வயதில், சர்க்கரை இருப்பதே தெரியாமல், பிறந்தநாள் தீர்மானமாக ஜிம்மில் சேர்ந்து முதல் வாரமே இளைஞர்களோடு போட்டியிடும் மனிதர் நமக்கெல்லாம் தெரிந்தவர்.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வழிநடத்தி 2023இல் வெளியான ஆய்வு, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் விளங்காமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வயதும் பாலும் இடமும் கொண்ட 2,916 பேரோடு ஒப்பிட்டது. நாடெங்கும் 47 மருத்துவமனைகள் பங்கேற்றன. இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கடும் உடலுழைப்பு இருந்திருந்தால் வாய்ப்பு 3.7 மடங்கு. அளவுக்கு மீறிய குடி இருந்திருந்தால் 5.3 மடங்கு. குடும்பத்தில் திடீர் மரணம், கோவிட்டால் மருத்துவமனையில் இருந்தது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டின. தடுப்பூசி இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. ஊடகங்கள் இதில் உடலுழைப்பைப் பிடித்துக்கொண்ட அளவுக்குக் குடியைப் பிடிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்த 3.7க்கு ஆய்வாளர்களே தரும் ஐய வரம்பு 1.4 முதல் 10 வரை விரிகிறது. விவரம் சொன்னவர்கள் இறந்தவரின் உறவினர்கள். மரணத்துக்கு முந்தின நாள் அவர் ஜிம்முக்குப் போனது நினைவில் நிற்கும், நலமாயிருக்கும் ஒருவர் போனது அவ்வளவு நினைவில் நிற்காது. வழக்கமான பயிற்சியாளர்களையும் புதிதாய் இறங்கியவர்களையும் பிரித்துக் காட்டினால்தான் இந்த எண்ணை சியாட்டில் முடிவோடு பொருத்திப் பார்க்க இயலும்.

8. முன்கூட்டிக் கண்டறிய முடியுமா

போட்டி விளையாட்டில் இறங்குபவர்கள் அனைவருக்கும் ஈசிஜி உட்பட்ட பரிசோதனையை இத்தாலி 1982இல் கட்டாயமாக்கியது. வெனெட்டோ மாநிலத்தில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6இலிருந்து 0.4க்கு இறங்கியதாக 2006இல் அறிவித்தார்கள். இஸ்ரேல் 1997இல் அதே வழியைப் பின்பற்றியது. அங்கே சட்டத்துக்கு முன் 2.54, பின் 2.66; எதுவும் மாறவில்லை. வெனெட்டோவின் தொடக்க எண் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்டது என்பது இஸ்ரேல் தரப்பின் வாதம். இஸ்ரேல் மரணங்களைச் செய்தித்தாளிலிருந்து திரட்டியது என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் படிப்பதற்கான 2017ஆம் ஆண்டுப் பன்னாட்டு நெறிமுறை, 30 வரை இறங்கிய துடிப்பையும், அறிகுறி இல்லாதவரிடம், இயல்பென்றே கொள்கிறது. பரிசோதிக்கும் மருத்துவருக்கே ஓய்வுத் துடிப்பு அவ்வளவு பொருட்டில்லை. குடும்பத்தில் ஐம்பதுக்குள் இறந்தவர் உண்டா, ஓடும்போது மயக்கமோ நெஞ்சில் அழுத்தமோ வந்ததுண்டா என்ற இரண்டு கேள்விகள் அதைவிட அதிகம் சொல்லும்.

கண்டறிவதில் இப்படி என்றால், விழுந்தவரைக் காப்பதில் கதை வேறு. அமெரிக்காவின் மாரத்தான், அரைமாரத்தான் போட்டிகளை 2000 முதல் 2010 வரை ஆராய்ந்தவர்கள், 1.09 கோடி ஓட்டங்களில் 59 பேருக்கு இதயம் நின்றதையும் அவர்களில் 42 பேர் இறந்ததையும் பதிவு செய்தனர். 2010 முதல் 2023 வரையிலான தொடராய்வு 2025இல் வந்தது. இம்முறை 2.93 கோடி ஓட்டங்கள்; இதயம் நின்றவர்கள் 176 பேர், இறந்தவர்கள் 59 பேர். லட்சம் ஓட்டங்களுக்கு இதயம் நிற்பது 0.54இலிருந்து 0.60, அதாவது கைக்கடிகாரங்கள் எங்கும் பரவிய இக்காலத்தில் அது குறையவே இல்லை. விழுந்தவர்களில் இறப்போர் மட்டும் 71 சதவீதத்திலிருந்து 34க்கு இறங்கினார்கள். பாதையோரத்தில் நின்றவர்கள் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியதும், மின்னதிர்ச்சி தரும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.